செவ்வாய்க்கிழமை நான்தான்

என் கடைக்கு வந்து "செவ்வாய் இருக்காரா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. "இருக்கேன், சொல்லுங்க" என்று பதில் சொல்லிப் பழகிவிட்டேன். கடை வாசலில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன், அதை ஒருவரும் படிப்பதில்லை. மானம் போய் வெகுநாள் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் என் அக்காவின் கணவர். நான் அவரை அத்தான் என்பேன். மற்றவர்களுக்கு அவர் கர்ட்டன்காரர்.

ஜன்னலுக்கு அளவெடுத்து, துணி காட்டி, தைக்கக் கொடுத்து, தைத்து வந்ததும் கம்பி அடித்து மாட்டிவிடுவது அவர் வேலை. இந்த வேலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போக வேண்டும். அளக்க ஒன்று, மாட்ட ஒன்று. அத்தானின் துன்பமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடியிருந்தது. அளக்க வேண்டிய வீட்டுக்கு யாருடைய கர்ட்டனையோ தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்பார். மாட்ட வேண்டிய வீட்டுக்கு வெறும் டேப்போடு போய், போன வாரம் அளந்த ஜன்னலையே மறுபடி அளந்து, "அப்படியேதாங்க இருக்கு, மாறவே இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வருவார். ஒரு வீட்டில் பழைய கர்ட்டனை எல்லாம் கழற்றிக்கொண்டு போனவர் புதியதோடு திரும்பி வரவே இல்லை. அந்தக் குடும்பம் ஒரு மாதம் ஸ்டோர் ரூமில் வரிசையில் நின்று உடை மாற்றியது.

கெட்ட மனிதர் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். குடி கிடையாது, கோபம் கிடையாது, யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார். ஆளைப் பார்த்தால் தங்கம், தேதியைக் கேட்டால் தகரம்.

நான் விற்பது நோட்டு, பேனா, டைரி. அதனால் அத்தானுக்கு ஏற்ற டைரியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. "ஊருக்கெல்லாம் டைரி விக்கிற, சொந்த அத்தானுக்கு உருப்படியா ஒண்ணு குடுக்கத் துப்பில்ல" என்பாள் அக்கா. என்னமோ என் கடையில் இருப்பதெல்லாம் போலிச் சரக்கு மாதிரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு ஒரு டைரியைப் பொருத்திக் காட்டாவிட்டால் கடையை இழுத்து மூடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது எங்கள் குடும்பச் சொத்து.

முதலில் நாளுக்கு ஒரு பக்கம் வைத்த கெட்டி அட்டை டைரி கொடுத்தேன். ஒழுங்காகத்தான் எழுதினார். ஆனால் ஜன்னல் அளவையும் அதே பக்கத்தில் எழுதினார். அளவு தையல்காரருக்கு வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிட்டார். "அத்தான், வியாழக்கிழமை எங்க?" என்று கேட்டால், "தைக்கக் குடுத்திருக்கேன்" என்கிறார்.

அடுத்தது, அளவுச் சீட்டைச் செருகி வைக்க உறை வைத்த டைரி. அதில் எழுதுவதற்குப் பதிலாக, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த துணியில் ஒரு துண்டு வெட்டி அந்தத் தேதியில் குத்தி வைத்தார். அவருக்கு வீடுகள் ஞாபகம் இருப்பதில்லை, துணி ஞாபகம் இருக்கும். டைரி தலையணை மாதிரி வீங்கி, மூடமுடியாமல் கொட்டாவி விட்டபடி கிடந்தது. அதுவும் ஓடியிருக்கும். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நீலக் கோடு போட்ட துணியைக் கேட்டுத் தொலைத்தார்கள்.

பிறகு கலர் ஸ்டிக்கர் வைத்த டைரி. அளக்கப் போவதற்குச் சிவப்பு, மாட்டப் போவதற்குப் பச்சை, விடுமுறைக்கு மஞ்சள் என்று நானே உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நாளுக்கு நாள் அழகாக நிறம் மாறி மாறி வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அத்தான், புதன்கிழமை எதுக்கு லீவு?"

"ரெண்டு பச்ச பக்கத்துல பக்கத்துல நல்லா இல்ல மாப்ள. நடுவுல ஒரு மஞ்சள் இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். அது அடிக்கும்போதெல்லாம் அவர் ஏணி மேல், இரண்டு கையிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஸ்குருவோடு நின்றார். தொந்தரவு பொறுக்காமல் போனைத் தூக்கி டிரில்லிங் மிஷின் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அதற்கப்புறம் போன் அங்கேயே வாசம் செய்தது.

கடைசியாக, வெளியூரிலிருந்து வரவழைத்த உயர்ந்த ரக டைரி ஒன்று. வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று மொத்த வியாபாரி சத்தியம் செய்தான். ஒவ்வொரு பக்கத்திலும் 'இன்று எதற்கெல்லாம் நன்றியோடு இருக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தது. அத்தான் அதைப் பரீட்சைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். காலையில் உட்கார்ந்து, நெற்றியைச் சொறிந்து சொறிந்து, 'சுவரில் ஆணி இறங்கியதற்கு', 'மழை பெய்யாததற்கு', 'மனைவி திட்டாததற்கு' என்று எழுதி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. அன்று போக வேண்டிய இரண்டு வீட்டுக்கும் போகவில்லை. மாலையில் மனைவி திட்டினாள். நன்றியில் ஒன்று குறைந்தது.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. என் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவள். ஒருநாள் மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது துணி மடித்தபடியே சொன்னாள்.

"இந்த மாசத்தோட நான் ரிடையர் ஆறேன். கடைசி வியாழக்கிழமை மூணு மணிக்கு ஆஸ்பத்திரி ஹால்ல விழா. வீட்டுக்காரங்களுக்கு முதல் வரிசை."

"வந்துடறேன்" என்றார் அத்தான்.

"பொண்ணு ஸ்கூல்ல பிரைஸ் வாங்கினப்பவும் வந்துடறேன்னுதான் சொன்னீங்க. எனக்கு அவார்டு குடுத்தப்பவும் சொன்னீங்க. பக்கத்துல காலிச் சேரோட என்னை போட்டோ எடுத்தாங்க. இதோ மாட்டியிருக்கேன் பாருங்க."

பார்த்தோம். அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்தாள், இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. எனக்குச் சுருக்கென்றது. அத்தான் தலை குனிந்துகொண்டார்.

"பொண்ணு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அன்னிக்கு அந்தச் சேர்ல நீங்க இருந்தா, நான் இங்க இருக்கேன். இல்லன்னா மறுநாள் ரயிலேறி அவளோடயே போயி இருந்துடுவேன்."

"நானும் வரேன்."

"வரவேணாம். வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறத அங்க வேற போய் நான் பாக்கணுமா? ஒண்ணு சொல்லிட்டேன், நான் ஞாபகப்படுத்த மாட்டேன். ஞாபகப்படுத்தி வர்றதுக்கு நீங்க வேணாம், அலாரமே போதும்."

கத்தியிருந்தால் பயந்திருக்கமாட்டோம். அவள் கத்தவே இல்லை. பரணில் இருந்த பெட்டி கீழே இறங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அத்தான் வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"மாப்ள, ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன். எழுதி வெச்சா எனக்கு மறந்துடுது. ஆனா ஆளுகிட்ட சொன்னா, யாருகிட்ட சொன்னேங்கறது மட்டும் மறக்கறதே இல்ல."

"அதனால?"

"அதனால நீ செவ்வா."

"என்னது?"

"செவ்வாக்கிழம. செவ்வாக்கிழம வேல எது வந்தாலும் உன்கிட்ட சொல்லிடுவேன். அன்னிக்குக் காலைல வந்து நின்னா, நீ எங்க போகணும்னு சொல்லு."

"அத்தான், நான் டைரி விக்கிறவன். டைரி இல்ல."

"நீ கிழிஞ்சு போக மாட்ட பாரு."

ஏன் திங்கள் எனக்குத் தரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. திங்களைத் தையல்காரர் எடுத்துவிட்டாராம். புதன் சலூன்காரர். வியாழன் மருந்துக்கடை அம்மா. வெள்ளி சைக்கிள் கடைக்காரர். சனிக்கிழமை வெளியூரில் இருக்கும் மகள், போனில். அத்தனை பேரும் சரி என்றிருக்கிறார்கள்! அந்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, அதுதான் அவருடைய பலம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அது வேலை செய்தது. காலையில் வந்து எதிரே நிற்பார். நான் பல் விளக்கிக்கொண்டே "பாங்க் பின்னாடி மூணாவது வீடு, மாட்டணும். அப்புறம் பல் டாக்டர் வீடு, அளக்கணும்" என்பேன். போய்விடுவார். எந்த வீட்டிலும் குறை வரவில்லை. எனக்கு உள்ளூர எரிச்சல்தான். உலகத்திலுள்ள டைரியெல்லாம் தோற்று, சலூன்காரர் ஜெயிப்பதா?

கொஞ்சநாளில் தெரு முழுக்க இந்தப் பேச்சாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் நேராக எங்களிடமே வர ஆரம்பித்தார்கள். "செவ்வாய் எனக்குத் தோதுப்படாது, வெள்ளிக்கு மாத்திக் குடுங்க" என்பார்கள். நான் போய் வெள்ளியிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தடவை சைக்கிள்காரருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். "இந்த வாரம் வெள்ளி இல்ல, உடம்பு சரியில்ல" என்று அத்தான் எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். புதனுக்கும் வியாழனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சலூனும் மருந்துக்கடையும் ஒட்டி ஒட்டி இருந்தன. சலூனில் வெட்டிய முடி காற்றில் பறந்து மருந்துக்கடைக்குள் போகிறது என்று தொடங்கிய சண்டை. இருமல் மருந்து வாங்கியவர் ஒருவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இதுல முடி இருக்கே" என்று சொன்னதோடு உறவு முறிந்தது. அதற்குப் பிறகு எது பேசினாலும் ஜாடைதான். அம்மா தெருவைப் பார்த்து, "சில பேருக்கு வெளக்கமாறுன்னா என்னன்னே தெரியாது" என்பார். சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்து, "சில பேருக்கு வாய்க்குத்தான் மருந்து வேணும்" என்பார். நடுவில் நாற்காலியில் இருப்பவன் கத்தி கழுத்தில் இருக்கிறதே என்று அசையாமல் இருப்பான். ஆகவே புதனிலிருந்து வியாழனுக்கோ, வியாழனிலிருந்து புதனுக்கோ எது மாறினாலும் நான்தான் தூது போனேன்.

அக்காவின் விழாவை அத்தான் மருந்துக்கடை அம்மாவிடம் ஒப்படைத்தார். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம். "கடைசி வியாழன், மூணு மணி, முதல் வரிசை" என்று அவர் சொல்ல, அந்த அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம் ஆகிவிட்டது. இனி தப்பாது என்று நான் நிம்மதியாகச் சரக்கெடுக்க வெளியூர் போனேன். விழா வாரத்துச் செவ்வாய் அன்று செவ்வாயே ஊரில் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரர்கள் விழாவைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். தலைமை டாக்டர் வியாழனன்று எங்கேயோ பறக்க வேண்டுமாம். அக்கா புருஷனுக்கு ஞாபகப்படுத்துவதில்லை என்று சபதம் செய்தவள். ஆனால் மாறியதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்று பட்டிருக்கிறது. எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்குப் போன் போட்டு, "விழா நாளைக்கே. அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

மருந்துக்கடை அம்மா நேர்மையானவர். தன் நாளிலிருந்து போனதைப் புதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரியும். தூது போக நான் இல்லை. பேச்சும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, எதிர்ச்சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லியிருக்கிறார்: "சில பேர் காதுல நல்லா வாங்கிக்கணும்! நாளைக்கு மூணு மணி! தப்பக் கூடாது!"

சலூன்காரர் காதில் நன்றாகத்தான் வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு மூன்று தம்பிகள், மூவரும் லாரியில் மூட்டை ஏற்றுபவர்கள். நாளை மூன்று மணிக்கு அவர்கள் வரப்போகிறார்கள் என்று முடிவுகட்டி, முகத்தில் பாதி சோப்போடு இருந்தவரை அப்படியே எழுப்பி அனுப்பிவிட்டு, சலூனைப் பூட்டி, அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

புதன் மதியம் நான் சரக்கோடு வந்து இறங்கினேன். மருந்துக்கடை அம்மா ஓடி வந்தார்.

"தம்பி, புதன் எங்க?"

"எந்தப் புதன்?"

"இந்தாளுதான்! காலைலேர்ந்து கடை தெறக்கல. உங்க அத்தானும் இந்தப் பக்கமே வரல. விழா இன்னிக்குப்பா, மாத்திட்டாங்க!"

அத்தானுக்குப் போன் போட்டேன். அது வழக்கம்போல டிரில்லிங் மிஷினோடு பேசிக்கொண்டிருந்தது. தையல்காரரிடம் ஓடினேன். "திங்கக்கிழமையே வரலியே. நான் சொல்றதுக்குன்னு காத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். போக வேண்டிய வீடுகளுக்கெல்லாம் கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வீட்டுக்கும் அவர் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் டேப்பும் பையுமாக வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மனிதர் எங்கே போகிறார்? அக்காவைப் பிரிய வேண்டி வரும் என்ற பயத்தில் ஏதாவது செய்துகொண்டாரா? ஒரு டைரி ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இந்தக் கதி வருமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆள் கிடைக்கவில்லை. மணி மூன்றை நெருங்கிவிட்டது. அந்தச் சேர் காலியாக இருக்கக் கூடாது, நானாவது போய் உட்காருகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். மருந்துக்கடை அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். வழி நெடுக சலூன்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார், இந்த முறை ஜாடை இல்லாமல்.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் ஹால். அக்கா வேலை பார்த்த லேப் பழைய கட்டடத்தில், அந்தக் கோடியில். ஹால் வாசலில் காவலர் எங்களைத் தடுத்தார்.

"நீங்க அந்த ஆபீசரோட வந்தவங்களா?"

"எந்த ஆபீசர்?"

"உள்ள முதல் வரிசையில இருக்காரே. திங்கக்கிழமையிலேர்ந்து காலைல வந்து உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கறாரு. யாருன்னு கேக்க எல்லாருக்கும் பயம். மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வந்திருக்காருன்னு பேசிக்கறாங்க. மொதல் நாளு நர்சுங்களுக்குக் கை கழுவற பயிற்சி நடந்துச்சு, அவரும் எழுந்து வந்து கழுவினாரு. நேத்து கிட்னிக் கல்லப் பத்திப் பேச்சு. கேள்வி இருக்கான்னு கேட்டாங்க, 'இது எப்ப முடியும்?'னாரு. பெரிய டாக்டரே வேர்த்துட்டாரு."

"ஐயோ" என்றேன்.

"அதோட விட்டாரா? கர்ட்டனையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. பயந்துபோயி எல்லாத்தையும் கழட்டித் தொவைக்கப் போட்டுட்டோம்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். கர்ட்டன் இல்லாத ஜன்னல்களில் வெயில் நேராக அடித்தது. முதல் வரிசையில், நடுச் சேரில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீயும் பிஸ்கட்டும் மரியாதையாக வைக்கப்பட்டிருந்தன. ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்த டீயை எடுத்து அவர் தலையில் கொட்ட வேண்டும் போலவும் இருந்தது.

மேடையில் அக்கா நின்றாள். பேச எழுந்தவள், முதல் வரிசையைப் பார்த்ததும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள். "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை அழுதாள். ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். தலைமை டாக்டர் அக்காவைப் பற்றிப் பேசியதைவிட ஆஸ்பத்திரியின் சுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார், அத்தானைப் பார்த்தபடியே.

முடிந்ததும் அக்கா கீழே இறங்கி வந்தாள். அதற்குள் காவலர் முந்திக்கொண்டு அத்தான் முன்னால் போய் நின்றார்.

"சார், மூணு நாளா பாத்தீங்கல்ல. ரிப்போர்ட்டுல கொஞ்சம் நல்லபடியா எழுதுங்க சார்."

"மூணு நாளா?" என்றாள் அக்கா.

காவலர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே அத்தானைப் பார்த்தாள்.

"ஏங்க, வியாழக்கிழமைன்னுதானே உங்களுக்குத் தெரியும்? திங்கக்கிழமையே எதுக்கு வந்தீங்க?"

"மருந்துக்கடை அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அவங்க மறக்க மாட்டாங்க. ஆனா நான் அவங்ககிட்ட போய்க் கேக்க மறந்துட்டா?" என்றார் அத்தான். "மத்த வேலைன்னா பரவால்ல. இது அப்படி இல்லியே. அதான் முன்னாடியே வந்து உக்காந்துட்டேன். உக்காந்தவன் மறக்க முடியாதுல்ல."

"மூணு நாளா ஒரு வேலைக்கும் போகல?"

"போகல. போனா ஏணியிலேர்ந்து எறங்க நேரமாயிடும்."

மருந்துக்கடை அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். அத்தான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்பத் திருப்தியாக அக்காவிடம் சொன்னார்:

"ஒத்திகையே நல்லா இருந்துச்சு. டாக்டர் மட்டும் கொஞ்சம் நீளமாப் பேசிட்டாரு. நீ ஏன் அழுத? நாளைக்கும் நான் இதே சேர்லதான் இருப்பேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது.

"விழா இன்னிக்குத்தாங்க. முடிஞ்சுபோச்சு. நாளைக்கு இங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"அப்ப நாளைக்கு வரவேணாமா?" அவர் முகம் வாடிப்போனது. "ரயிலு... போறியா?"

"போகல. நாளையிலேர்ந்து நான் வீட்டுலதான் இருப்பேன். அங்க வாங்க."

"எத்தன மணிக்கு?"

"நாள் முழுக்க இருப்பேன்" என்றாள் அக்கா.

அத்தான் அதை மட்டும் எங்கள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.